வழிந்து போன தண்ணீர்

படூரில் எங்கள் மாடி டேங்க் தினமும் நிரம்பி வழியும். மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோவது நான்தான். வழிகிற தண்ணீர் ஒரு குழாய் வழியாகப் பக்கத்து வீட்டுச் சுவரோரம் கொட்டும். அந்த வீட்டுக்காரன் தெருவே கேட்கிற மாதிரி கத்துவான். "இன்னாம்மா, தண்ணி வீணா போய்கினு கீது, கண்ணு தெரியல?" அவன் மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்காமல் அந்தப் பக்கம் நான் எட்டிப் பார்த்ததே இல்லை.

ஆறு வருஷம் பொறுத்துவிட்டு, பிளம்பரைக் கூப்பிட்டு ஃப்ளோட் சுவிட்ச் போட்டேன். டேங்க் நிரம்பினால் மோட்டார் தானாக நின்றுவிடும். பஞ்சாயத்துத் தண்ணீர் வருகிற குழாய்க்கும் ஒரு மிதவை வால்வு. அதன்பிறகு சொட்டுகூட வழியவில்லை.

நாலாம் நாள் பக்கத்து வீட்டுக்காரன் வாசலில் வந்து நின்றான். "இன்னா, டேங்க்கு நெரம்பறதே இல்ல?"

மாடிக்குப் போய் முதல் தடவையாக அவன் பக்கம் எட்டிப் பார்த்தேன். தண்ணீர் வழிகிற குழாய்க்கு நேர் கீழே ஒரு நீல டிரம் காய்ந்து கிடந்தது. அதிலிருந்து அவன் வாழை மரங்கள் வரைக்கும் ஓஸ் பைப் போட்டிருந்தான்.

"வேணும்னே பண்ணிக்கீறே," என்று கீழேயிருந்து கத்தினான்.

அதுவரைக்கும் நான் வேண்டுமென்று எதையும் செய்யவில்லை. அன்று சாயங்காலம்தான், ஒரு சொட்டும் வராத அந்தக் குழாயை எங்கள் பக்கம் திருப்பி வைத்தேன்.