தாழிமேட்டில் அணைத்த சூடம்

சூடப் புகையின் காரம் மூக்கில் ஏறும்போதெல்லாம் ஆவணி வெயிலில் காய்ந்து கிடந்த அந்த மண்மேடுதான் எனக்கு நினைவுக்கு வருகிறது. எழுபதுகளின் கடைசியில், பசுமலையில் ஏழாம் வகுப்புப் படித்த எங்களில் எட்டுப் பெண்களைச் சரித்திர டீச்சர் அங்கே அழைத்துப் போனார். கீழக்குயில்குடிக்கு அப்பால் இருந்த அந்தச் சிற்றூரிலிருந்து எங்கள் பள்ளிக்கு வந்தவள் பேச்சி ஒருத்திதான்; மேட்டைப் பற்றி டீச்சரிடம் சொன்னவளும் அவளே. ஆதிகாலத்தில் இறந்தவர்களைப் பெரிய பானைகளில் வைத்துப் புதைத்த இடம் என்றார் டீச்சர். ஊரார் அதைத் "தாழிமேடு" என்றார்கள். அங்கிருந்து உடைந்த பானையின் ஓர் "ஓட்டுச்சில்லு" வெளியே போனாலும் மழை பொய்க்கும் என்று நம்பினார்கள். அந்த ஆண்டு கண்மாய் ஏற்கெனவே பாளம் பாளமாக வெடித்திருந்தது.

மேட்டைவிட்டு இறங்கியபோது பத்துப் பதினைந்து பேர் வழியை மறித்து நின்றார்கள். "எங்க மழைய எந்தப் பையில வச்சிருக்கீக?" என்றார் பேச்சியின் பெரியப்பா. யாரும் சிரிக்கவில்லை. ஆளுக்கொரு சூடம் அணைத்து, எதையும் எடுக்கவில்லை என்று சத்தியம் செய்யச் சொன்னார்கள். டீச்சர் மறுத்துவிட்டார்.

"அப்பக் கூட்டியாந்தவ அணைக்கட்டும்," என்றார் பெரியப்பா, பேச்சியைக் காட்டி.

பேச்சி எங்கள் முகங்களை வரிசையாகப் பார்த்தாள். இல்லை என்று நானும் தலையசைத்தேன். அவள் எரிந்த சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, "யாரும் எதையும் எடுக்கல," என்றாள்.

என் டிபன் பாக்ஸுக்குள் உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமாக ஓர் ஓடு இருந்தது.

திங்கட்கிழமை நானே அதை அவளிடம் பெருமையாகக் காட்டினேன். "பொய்ச் சத்தியம் பண்ண வச்சிட்டியேடி. குடு, வச்சிட்டு வாரேன்," என்றாள். வெள்ளிக்கிழமை பள்ளிக் கண்காட்சி முடியட்டும், தருகிறேன் என்றேன்.

"அம்புட்டு நாளு என்னால தாங்க முடியாது."

அன்றே வீட்டில் சொல்லிவிட்டாள். செவ்வாய்க்கிழமை வரவில்லை, அப்புறம் வரவே இல்லை. "படிக்கப் போயிப் பொய்ச் சத்தியம் பழகுனது போதும்," என்று அவள் அப்பா சொன்னதாக, விசாரிக்கப் போன டீச்சர் வந்து சொன்னார். கண்காட்சியில் என் ஓட்டுக்கு முதல் பரிசு. ஐப்பசியில் கண்மாய் நிரம்ப மழை பெய்தது. பேச்சியை யாரும் திரும்ப அனுப்பவில்லை.

போன மாதம் அங்கே போயிருந்தேன். மேடு இல்லை, மஞ்சள் அடித்த மனைக்கற்கள் வரிசையாக நிற்கின்றன. மனை போட்டு விற்பவர் அந்தப் பெரியப்பாவின் மகன். "மண்ணு லாரி லாரியாப் போச்சுக்கா," என்றார். அவரை யாரும் சூடம் அணைக்கச் சொல்லியிருக்க மாட்டார்கள். திருப்பி வைக்கவென்று கைப்பையில் கொண்டுபோயிருந்த அந்த ஓட்டுச்சில்லை எங்கே வைப்பது என்று நானும் அவரிடம் கேட்கவில்லை.