அண்ணன் போனுக்குப் போன மெசேஜ்

தஞ்சாவூர் எலக்ட்ரானிக்ஸ் கடைக்காரர் என் நரையைப் பார்த்துவிட்டு, "பையனுக்கு காலேஜ் ப்ராஜெக்டா சார்?" என்றார். "பையனாவது மண்ணாவது! எனக்குத்தாங்க" என்றேன். பாவம், சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்து டிராயரைத் திறந்தார்.

திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் எங்களுக்கு நிலம். அப்பா போனதும் அண்ணனும் நானும் பாகம் பிரித்துக்கொண்டோம். சர்வேயர் வந்து அளந்த அன்றைக்கு ஒரு வரப்புக்காக வார்த்தை தடித்து, அதோடு ஒருத்தர் வீட்டுக்கு ஒருத்தர் போவது நின்றுபோச்சு. வரப்பைப் பிரிக்கலாம், போர்செட்டைப் பிரிக்க முடியுமா? அது பொது. முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சினோம். என் வயல் நிறைந்ததும் வரப்பில் நின்று, "அண்ணேய்! முடிஞ்சிடுச்சு!" என்று கத்துவேன். "சரிடா!" என்று பதில் வரும். அவர் வந்து தண்ணீரைத் தன் வயலுக்குத் திருப்பிக்கொள்வார். எங்களுக்குள் மிச்சமிருந்த பேச்சு அவ்வளவுதான்.

அண்ணனுக்கு மூட்டுவலி வந்தது. என் குரலுக்காக அவர் வெயிலில் காத்துக்கிடப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை. நேரில் போய்ப் பேச ரோஷம் விடவில்லை. யூடியூபில் ஒரு வழி கிடைத்தது. வயலில் தண்ணீர் ஏறினால் மிதவை மேலே எழும்பும். உடனே அதோடு இணைத்த சின்ன எலக்ட்ரானிக் போர்டு அண்ணன் போனுக்கு மெசேஜ் அனுப்பும். அதுவரைக்கும் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கலாம் மனுஷன். இதைப் பார்த்தாவது மனசு இளகி, "வீட்டுக்கு வாடா" என்பார் என்று கனவு கண்டேன்.

கடைக்காரர் போர்டு, சிம் போடுகிற மாட்யூல், மிதவை ஸ்விட்ச், கலர் கலராய் ஒயர் எல்லாம் எடுத்து வைத்தார். "மாட்யூலுக்குத் தனி அடாப்டர் வேணும் சார். போர்டுலேர்ந்து கரண்ட் எடுத்தா தாங்காது" என்றார். ஏதோ தலையில் கட்டப் பார்க்கிறார் என்று வாங்காமல் வந்தேன். மாட்யூல் லைட் அணைந்து அணைந்து எரிந்தது. அசடு வழிய மறுபடி போய் நின்றபோது, ஒரு வார்த்தை சொல்லாமல் அடாப்டரை எடுத்துக் கொடுத்தார். நல்ல மனுஷன்.

ஒருவழியாய் வேலை செய்தது. வயல் நிறைந்தது, மெசேஜ் போனது. நான் வரப்பில் வாயைத் திறக்காமல் நின்றேன், பெருமையாய்ச் சிரித்துக்கொண்டு வேற. அண்ணன் நொண்டி நொண்டி வந்தார், போனைத் தூக்கிப் பிடித்தபடி.

"அண்ணேன்னு கூப்பிடக்கூட வாய் வரலியாடா உனக்கு?"

"ஐயோ, இல்லண்ணே, உங்க காலு..." அவர் கண் கலங்கியிருந்தது. திரும்பிப் போய்விட்டார்.

அன்றைக்கே எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்தேன். அடுத்த முறை தண்ணீர் பாய்ந்து முடிந்ததும் தொண்டை கிழியக் கத்தினேன். "அண்ணேய்! முடிஞ்சிடுச்சு! அண்ணேய்!"

முன்பின் பார்க்காத ஒருத்தர் மண்வெட்டியோடு ஓடி வந்தார். அண்ணன் நிலத்தை அவருக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டாராம்.

"எதுக்குங்க இப்படிக் கத்துறீங்க? ஒரு மெசேஜ் போட்டா போதுமே" என்றார்.