காந்தம் ஒட்டாத குழாய்

தொண்ணூற்றிரண்டில் நடந்தது, என் நாட்குறிப்பைப் பார்த்தே எழுதுகிறேன். கிறிஸ்துமஸுக்கு என் மனைவி ஸ்டெல்லா இஞ்சியும் எலுமிச்சையும் சேர்த்து ஜிஞ்சர் பீர் என்னும் போதையில்லாத பானம் ஊறவைப்பாள். வீடு வீடாகப் பாடிவரும் பாட்டுக்குழுவின் குழந்தைகளுக்கு அதுதான் விருந்து. அந்த ஆண்டு, மொண்டு ஊற்றும் சிரமம் வேண்டாமென்று எவர்சில்வர் டிரம்மில் ஒரு குழாய் பொருத்த நினைத்தேன்.

அம்பத்தூர்க் கடைக்காரரின் பேச்சை நான் நம்பவில்லை. “அசல் எவர்சில்வர் சார். சந்தேகமா இருக்குதா? காந்தம் வெச்சுப் பாரு” என்றார். தொழிற்பேட்டையில் சரக்குகளைச் சோதிப்பவன் நான். சட்டைப்பையிலேயே காந்தம் இருந்தது. நல்ல எவர்சில்வரில் காந்தம் ஒட்டாது; இதிலும் ஒட்டவில்லை. வாங்கிவந்து டிரம்மில் பொருத்தினேன்; ஜிஞ்சர் பீர் சில நாள் அதில் ஊறியது.

டிசம்பர் 24, மாலை ஆறு மணி. ஏழுக்குப் பாட்டுக்குழு வந்துவிடும். ருசி பார்க்க முதல் டம்ளரைப் பிடித்தேன். லேசான பச்சை நிறம். நாக்கில் காசைச் சப்பியது போன்ற கைப்பு. துப்பினேன். இஞ்சி அழுகலா, எலுமிச்சையா, கிணற்றுத் தண்ணீரா என்று ஸ்டெல்லாவைக் குடைந்தேன்.

“ஊர்ல உள்ளதையெல்லாம் சந்தேகப்படுறீங்க, நீங்க வாங்கினு வந்த கொழாய மட்டும் உட்டுட்டீங்களே!” என்றாள்.

கழற்றி, உள்வாயை அரத்தால் தேய்த்தேன். பித்தளை பல்லிளித்தது. புளிப்புப் பட்டு முலாம் உரிந்து, வயிற்றுக்கு ஆகாத பச்சைக் களிம்பு பூத்திருந்தது. பித்தளையிலும் காந்தம் ஒட்டாது என்பது எனக்குத் தெரியாததா? டிரம்மை அப்படியே சாக்கடையில் கவிழ்த்தோம். குழந்தைகள் அன்று காபி குடித்துவிட்டுப் பாடினார்கள்.

இப்போது கடைக்கு அரத்தோடுதான் போகிறேன். “கொழா வாங்க வந்தியா, அறுக்க வந்தியா சார்?” என்கிறார்கள். உள்வாயைத் தேய்க்க விடாத கடையில் நான் வாங்குவதில்லை.