பொகாச்சா எந்த ஊர்த் தமிழ்?

போன ஞாயிற்றுக்கிழமை, ரிச்சர்ட்சன் நகரத் தமிழர்கள் நாங்கள் இன்னொரு நாட்டைக் கைப்பற்றினோம். ஹங்கேரி!

படையெடுத்தவர் சிதம்பரம் அங்கிள். டெலிபோன் கம்பெனி எஞ்சினியர். ஓய்வு நேரத்தில் உலக மொழிகளுக்கெல்லாம் தமிழில் வேர் தேடுபவர். அடுத்த மாதம் எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவர் தேர்தல்; அவரும் நிற்கிறார். ஞாயிற்றுக்கிழமைப் பேச்சுதான் அவருடைய பிரசாரம். என்ன பேசுவதென்று தவித்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை என் அறைக்கு வந்தவர் கண்ணில் அது பட்டது. பக்கத்து அபார்ட்மென்ட் இலோனா ஆன்ட்டி — ஹங்கேரிக்காரர் — பேக் செய்து கொடுத்த தட்டு. உப்புப் போட்ட, வெண்ணெய் மணக்கும் குட்டிக் குட்டி பன் மாதிரி. பெயர் பொகாச்சா.

“பொகாச்சாவா? மாவு பொங்கியாச்சு... பொங்காச்சு... பொகாச்சா! தமிழ்ப்பா, தம்பி!”

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். படித்தவர்கள் எதைச் சொன்னாலும் நம்புகிற வியாதி உண்டு. நம்பினேன்.

இலக்கணமும் சதி செய்தது. நெட்டில் பார்த்தால், ‘பொகாச்சாவை’ என்பதற்கு ஹங்கேரிக்காரர்களும் நம் ‘ஐ’ போலச் சொல்லின் வாலில் ஓர் ஒலியை ஒட்டுகிறார்கள் — பொகாச்சாத். இரண்டு தின்றாலும் நம் ‘ரெண்டு இட்லி’ போல ஒருமைதான். அங்கிளுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆன்ட்டியிடமே போய்க் கேட்டோம். சிரித்தார்.

“அது எங்கள் வார்த்தையே இல்லை. ஸ்லாவ்காரர்களிடம் வாங்கினோம். அவர்கள் இத்தாலிக்காரர்களிடம். மூலம் லத்தீன், அடுப்பு என்று அர்த்தம். அதனால் என்ன? ருசி எங்களுடையது!”

ஒரு வார்த்தையைச் சண்டையே போடாமல் இப்படியா விட்டுக்கொடுப்பது? நமக்குப் பழக்கமில்லாத குணம்...

“அங்கிள், டாபிக்கை மாத்திடுங்களேன்” என்றேன் வெளியே வந்து.

“எதுக்குப்பா? லத்தீனே தமிழ்லேர்ந்து போனதுதான்னு அடிச்சு விட்டா முடிஞ்சுது. லத்தீன் தெரிஞ்சவன் எவன் நம்ம சங்கத்துல இருக்கான்?”

இருந்தார். கூட்டம் நடந்தது சர்ச் ஹாலில். இடம் கொடுத்தவர் ஃபாதர் அருள், தூத்துக்குடிக்காரர். செமினரியில் வருஷக்கணக்காக லத்தீன் படித்தவர். “லத்தீனின் தாய் தமிழே!” என்று அங்கிள் மேஜையைத் தட்டியதும், முன்வரிசையில் ஃபாதரின் கை உயர்ந்தது.

அங்கிள் முகத்தில் தேர்தல் முடிவு தெரிந்தது.

ஃபாதர் எழுந்தார். வாயில் இருந்ததை நிதானமாக மென்று விழுங்கினார். ஆன்ட்டி ஹாலுக்கும் இரண்டு தட்டு பொகாச்சா அனுப்பியிருந்தார்.

“சிதம்பரம், லத்தீனை அப்புறம் பாத்துக்கிடலாம்வே. இது இன்னும் கெடக்கா?”

சிரிப்பு, கைதட்டல். எல்லோரும் தட்டை நோக்கி நகர்ந்துவிட்டார்கள். அங்கிள் ஜெயித்த மாதிரிதான்.

தமிழின் மானத்தை அன்று காப்பாற்றியது... வெண்ணெய்!