லேப் அக்கா தேர்ந்தெடுத்தது

பள்ளியில் அவளை எல்லோரும் லேப் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளும் அப்படித்தான், அவளைவிடப் பத்து வயது மூத்த கணக்கு வாத்தியாரும் அப்படித்தான். பதிவேட்டில் அவள் பதவி 'கணினி அறை உதவியாளர்'. இருபத்தொரு வருடமாக அதே பதவி, இரண்டாம் மாடிக் கோடியில் அதே அறை. அங்கே ஏசி ஒழுகும். கீழே வைத்த வாளியை மதியம் ஒருமுறை, மாலை ஒருமுறை அவள்தான் கொண்டுபோய்க் கொட்டுவாள்.

இதுவரை எந்தக் கம்பெனியிலிருந்து வாங்குவது என்பதை நிர்வாகம்தான் முடிவு செய்து வந்தது. வந்ததைப் பழுது பார்ப்பது அவள் பாடு. அந்த வருடம் ஏழாம் வகுப்புக்கு நாற்பது லேப்டாப் வாங்க வேண்டியிருந்தது. மூன்று கம்பெனிகள் மாதிரிக்கு ஆளுக்கு ஒன்று கொடுத்துவிட்டுப் போயிருந்தன. தலைமையாசிரியை அவளைக் கூப்பிட்டார்.

"நீங்களே பாத்துச் சொல்லுங்க. எனக்கு மூணும் ஒண்ணாத்தான் தெரியுது. நீங்க சொல்றதுக்கு நான் கையெழுத்து போட்டுடறேன்."

சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். அவளுக்கு முதலில் தோன்றியது, இதற்கும் நேரம் ஒதுக்க வேண்டுமே என்பது.

விற்பனைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். வேகம், நினைவகம், திரையின் பளபளப்பு என்று மூவரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தன் கேள்விகளைக் கேட்டாள். திரையின் கீல் உடைந்தால் கீல் மட்டும் கிடைக்குமா? கீபோர்டில் ஒரு எழுத்து கழன்று விழுந்தால் அந்த ஒன்றை மட்டும் மாட்டலாமா? அடிப்பலகையில் எத்தனை ஸ்க்ரூ?

வெள்ளி நிற லேப்டாப் கொண்டுவந்தவர் சிரித்தார். "மேடம், இதெல்லாம் யாருமே கேக்க மாட்டாங்க."

"கேக்காதவங்க யாரும் கழட்டிப் பாத்திருக்க மாட்டாங்க சார்."

மூன்றையும் அவள் ஏழாம் வகுப்பு 'இ' பிரிவுக்குக் கொடுத்தாள். அந்தப் பிரிவின் கைக்குப் போன எதுவும் முழுசாகத் திரும்பியதில்லை. திரை மூலையைப் பிடித்துத் தூக்கினார்கள். எழுத்துகளின் மேல் பென்சிலை வைத்தபடியே மூடினார்கள். வெள்ளி நிறத்துக்கு நாலாம் நாள் கீல் விட்டது. கருப்பு தாங்கியது, ஆனால் உயிர் பெற்று எழுந்திருப்பதற்குள் பாட வேளையில் கால்வாசி போய்விடும். சாம்பல் நிறம் மட்டும் இரண்டு வாரம் கழித்தும் கேட்டதைச் செய்தது. பிடுங்கிப் போட்ட 'K' எழுத்து அழுத்தினால் திரும்ப உட்கார்ந்தது.

சாம்பல்தான் என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தாள். தலைமையாசிரியை முதல் பக்கத்தைப் படித்துவிட்டு இரண்டாவதில் கையெழுத்திட்டார்.

அவள் கணவர் பஸ் ஓட்டுபவர். வீட்டில் இருவரும் சேர்ந்து உட்காருவதே அபூர்வம். "ஒரு வழியா உன் பேச்சும் ஏறிடுச்சு போல," என்றார். அவள் சாப்பிட்டுக்கொண்டே, "ஏறினது இறங்காம இருக்கணும்," என்றாள்.

மூன்று மாதம் ஒரு குறையும் இல்லை. நாலாம் மாதம் ஒரு பெண், விரல் தேய்க்கிற சதுரம் மேடாகிவிட்டது என்று ஒரு லேப்டாப்பைக் கொண்டுவந்தாள். கழற்றிப் பார்த்தால் பேட்டரி உப்பியிருந்தது. அந்த வாரமே இன்னும் ஆறு. மாதிரிக்கு வந்ததை எடுத்து அதையும் கழற்றினாள். உள்ளே இருந்தது வேறு பேட்டரி. வெளிப்பெயர், நிறம், எண் எல்லாம் ஒன்று. உள்ளே மட்டும் மாற்றியிருந்தார்கள்.

போனில் கம்பெனிக்காரர், "மாடல் அதேதான் மேடம்," என்றார்.

"மாடல் அதேதான் சார். பேட்டரி அது இல்ல."

"மேலிடத்துல கேட்டுச் சொல்றேன்."

அவர் கேட்டுச் சொல்லும்வரை காத்திருக்க முடியாது. உப்பிய பேட்டரி எப்போது தீப்பிடிக்கும் என்று யாருக்குத் தெரியும்? நாற்பதையும் கழற்றி எல்லாப் பேட்டரியையும் வெளியே எடுத்தாள். ஒன்றுக்குப் பதினோரு ஸ்க்ரூ. மூன்று நாள் ஆனது. கட்டைவிரலில் தோல் உரிந்தது. உப்பியவற்றை மணல் வாளியில் போட்டு மொட்டை மாடியில் வைத்தாள். இனி லேப்டாப்புகள் மின்சாரத்தில் செருகினால்தான் ஓடும். வகுப்பறைகளில் இருந்ததோ இரண்டிரண்டு பிளக். எல்லாம் அவள் அறைக்கே திரும்பின. பிள்ளைகள் பிரிவு பிரிவாக மாடியேறி வந்தார்கள், கால அட்டவணை குலைந்தது.

ஆசிரியர் கூட்டத்தில் அறிவியல் டீச்சர் பொரிந்து தள்ளினார். "யாருங்க இந்தக் கம்பெனியைத் தேர்ந்தெடுத்தது? அதையாவது தெரிஞ்சுக்கலாமா?"

தலைமையாசிரியை மேசையிலிருந்த பேனாவை நகர்த்தி வைத்தார். கடைசி வரிசையில் இருந்த லேப் அக்கா எழுந்தாள். "நான்தான் டீச்சர்."



கூட்டம் முடிந்ததும் தலைமையாசிரியை அவளைப் படிக்கட்டில் நிறுத்தினார். "நீங்க எழுந்திருக்கவே வேண்டாம். நானும்தானே கையெழுத்து போட்டேன்."

"கையெழுத்து நீங்க போட்டீங்க மேடம். உள்ள பாத்தது நான். வந்து இறங்கினப்போ ஒண்ணையாவது பிரிச்சுப் பாத்திருக்கணும். எனக்குத் தோணல."

அவளை உறுத்தியது அதுதான். திட்டுகூட அவ்வளவு வலிக்கவில்லை.

ஏழு வாரம், திங்கட்கிழமை தவறாமல் கம்பெனிக்குப் போன் செய்தாள். கடைசியில் தலைமையாசிரியையே போனை வாங்கி, இதுவரை அவள் கேட்டிராத குரலில் இரண்டு நிமிடம் பேசினார். மறுவாரம் பேட்டரிகள் வந்து இறங்கின. இந்த முறை கையெழுத்திடும் முன் ஒவ்வொன்றாக எடுத்து மாதிரியோடு ஒப்பிட்டாள். கொண்டுவந்த ஆள் இரண்டு மணி நேரம் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தாள். இனி எது வாங்கினாலும் இப்படிப் பிரித்துப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும் என்று ஒரு கடிதம் எழுத, அது கோப்பில் சேர்ந்தது.

மாட்டி முடிக்க நாலு நாள். கடைசி லேப்டாப் வகுப்புக்குப் போன அன்று அவள் விடுப்புக் கடிதத்தோடு நின்றாள். காரணம் என்ற இடத்தில் 'களைப்பு' என்று எழுதியிருந்தது.

"உடம்புக்கு ஏதாவதா?" என்று தலைமையாசிரியை கேட்டார்.

"உடம்பு நல்லாத்தான் இருக்கு மேடம்."

அவர் அந்த வார்த்தையை அடிக்காமல் அப்படியே கையெழுத்திட்டார்.

மறுநாள் பத்து மணிக்குப் பள்ளியிலிருந்து போன் வந்தது. பிரிண்டர் காகிதத்தை விழுங்கிவிட்டதாம். கணவர்தான் எடுத்தார். "அவங்க தூங்கறாங்க," என்று சொல்லிவிட்டு, போனைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.