ஜிகினாவின் வண்டிகள்

என் சகலையை எங்கள் பக்கத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஜிகினா என்றால்தான் தெரியும். அந்தப் பட்டத்தை வைத்தது நான்தான் என்று அவனுக்கு ஒரு சந்தேகம் உண்டு. சந்தேகம் சரிதான்.

என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். நான் வண்டி மெக்கானிக். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவன் ஒரு இரும்புக் கடையில் கம்பி எடை போட்டுக்கொண்டிருந்தான். ஒருநாள் காலை அந்த வேலையை விட்டுவிட்டு நேராக என் பட்டறைக்கு வந்து நின்றான்.

"ஊரான் கம்பியை நிறுத்தது போதும் சகல. சொந்தமா ஒரு பிக்கப் வாங்கி வாடகைக்கு ஓட்டப்போறேன். இனிமே நான் முதலாளி."

முதலாளியை அழைத்துக்கொண்டு பழைய வண்டிகள் பார்க்கப் போனேன். ஒவ்வொரு வண்டிக்கு அடியிலும் நான் மல்லாந்து படுத்து சேஸியில் துரு இருக்கிறதா, ஸ்பிரிங் பட்டைகள் விரிந்திருக்கின்றனவா, எங்காவது ஆயில் கசிகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். அந்த நேரத்தில் அவன் உள்ளே உட்கார்ந்து கண்ணாடியில் தலை சீவிக்கொண்டிருந்தான். நாலாவது வண்டி எனக்குப் பிடித்தது. மூன்று வருஷம்தான் ஓடியிருந்தது. ஒரே ஆள் ஓட்டிய வண்டி. எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஆயில் மூடிமேல் ஒரு நாணயத்தை வைத்தேன். நாணயம் அசையவில்லை.

"இதையே எடு. பத்து வருஷத்துக்குக் கவலை இல்லை" என்றேன்.

அவன் வண்டியைச் சுற்றி வந்தான். முகத்தைச் சுளித்தான். "எல்லாம் சரி சகல, வெள்ளையா இருக்கே. ஆஸ்பத்திரி வண்டி மாதிரி."

இப்படித்தான் ஆரம்பித்தது. சுமை ஏற்றுகிற வண்டிக்கு என்னென்ன வேண்டும் என்று ஃபில்டர் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து எழுதிக் கொடுத்தேன். பின்பக்கத்துக்கு இரண்டு புது டயர், நல்லதாக ஒரு ஸ்டெப்னி, ஜாக்கி, நீளக் கயிறு நாலு, தார்ப்பாய் ஒன்று, பீரோவும் கட்டிலும் உரசிக்கொள்ளாமல் இருக்கப் பழைய போர்வைகள். அவன் அதை வாங்கிப் படித்தான். பெரிய மனுஷன் விண்ணப்பம் வாங்குவதுபோலத் தலையாட்டிவிட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

அடுத்த வாரம் வண்டி வந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. மாடு முட்டினால் மாடு சாகிற அளவுக்கு முன்னால் ஒரு ஸ்டீல் கம்பிச் சட்டம். அதன்மேல் வரிசையாக எட்டு விளக்கு. கூரைமேல் இன்னொரு வரிசை. ரயில் வருகிறதோ என்று ஜனங்கள் ஒதுங்கும்படி ஒரு ஏர் ஹார்ன். இரண்டு பக்கமும் பாய்கிற குதிரைகள் வரைந்திருந்தன. வரைந்தவன் குதிரையைப் பார்த்ததில்லை போலிருக்கிறது, கழுதைக்குப் பிடரி வைத்த மாதிரி இருந்தது. கதவு ஓரமெல்லாம் ஜிகினாத் தாள். டயர் மட்டும் அதே பழைய டயர். பட்டன் தேய்ந்து வழுக்கைத் தலையாக இருந்தது.

ஒன்றை நான் மறைக்கக் கூடாது. அந்த விளக்குகளுக்கெல்லாம் பிறகு ஒயர் இழுத்துச் சரிசெய்து கொடுத்தது நான்தான். கூலியும் வாங்கினேன். வாய் ஒரு பக்கம் திட்டிக்கொண்டிருந்தது, கை ஒரு பக்கம் முடுக்கிக்கொண்டிருந்தது. அந்த விஷயத்தில் என்னையும் மெச்சிக்கொள்ள ஒன்றுமில்லை.

ஒரு தடவை ஆறு இரும்பு பீரோக்களை ஏற்றிக்கொண்டு போனபோது மேம்பாலத்தின் நடுவில் டயர் வெடித்துவிட்டது. போன் செய்தான். பட்டறையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடினேன். பாலத்தில் கண்ணுக்கெட்டிய தூரம்வரை வண்டிகள் நின்றன. எல்லாரும் ஹார்ன் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். இவன் உள்ளே உட்கார்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

"ஜாக்கி எங்கப்பா?"

"வீட்ல கட்டிலுக்கு அடியில இருக்கு."

"வண்டியில இருக்கவேண்டிய ஜாக்கி கட்டிலுக்கு அடியில என்ன பண்ணுது?"

சீட்டுக்குப் பின்னால் கையைக் காட்டினான். ஜாக்கியும் பானா செட்டும் வைக்கிற இடத்தில் சவப்பெட்டி அளவுக்கு ஒரு ஸ்பீக்கர் உட்கார்ந்திருந்தது.

"பேஸ் எப்படி இருக்கு பாருங்க சகல" என்றான்.

பின்னால் நின்ற ஒரு லாரிக்காரரிடம் ஜாக்கி கடன் வாங்கி, அந்த வெயிலில் தார்ச்சாலையில் முட்டி போட்டு டயர் மாற்றியது நான். அவன் பக்கத்தில் நின்று, பின்னால் ஹார்ன் அடிப்பவர்களைப் பார்த்து, பொறுங்கள் என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தான், போக்குவரத்தை அவனே ஒழுங்குபடுத்துகிறவன் மாதிரி.

அவன் மனைவி, அதாவது என் கொழுந்தியாள், வேறு மாதிரி. வீட்டின் முன்னறையில் ஒரு கனமான தையல் மெஷினைப் போட்டுக் கடைகளுக்கு வெயில்மறைப்பும் வண்டிகளுக்குச் சீட் கவரும் தைப்பவள். அதிகம் பேசமாட்டாள். உதட்டில் எப்போதும் ஒரு ஊசி இருக்கும், அதனாலும் இருக்கலாம். புருஷன் தார்ப்பாய் வாங்கமாட்டான் என்று தெரிந்ததும் அவளே கெட்டித் துணி வாங்கி, மூன்று நாள் உட்கார்ந்து, ஓரம் முழுக்க இரட்டைத் தையல் போட்டு, சாணுக்கு ஒரு வளையம் அடித்து, வண்டியின் அளவுக்குக் கச்சிதமாக ஒன்று தைத்துக் கொடுத்தாள். நான் பார்த்த தார்ப்பாய்களில் அதுதான் அழகானது. அதை ஜிகினா இரண்டு தடவை போட்டுப்பார்த்துவிட்டுச் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டான்.

"ஏங்க, மழைக்காலம் வருது. வண்டியிலயே வச்சுக்கோங்களேன்" என்று அவள் சொன்னபோது நான் அங்கே இருந்தேன்.

"அதைப் போட்டா ரெண்டு பக்கமும் தொங்குது. குதிரை மறைஞ்சு போகுது. அப்புறம் எதுக்கு அவ்வளவு செலவு பண்ணி வரைஞ்சேன்?"

அவள் உதட்டிலிருந்த ஊசியை எடுத்தாள். நூலைக் கோத்துவிட்டு மறுபடியும் தைக்க ஆரம்பித்துவிட்டாள்.

இவ்வளவு கோமாளித்தனத்துக்கும் நடுவில் அவன் பிழைப்பு ஓடியது என்றால் அதற்கு ஒரே காரணம் மெத்தைக்காரர். இலவம்பஞ்சு மெத்தை செய்து விற்பவர். பருத்த உடம்பு, மெதுவான பேச்சு. வாரத்தில் நாலு நாள் அவருடைய சரக்கை ஏற்றுகிற வேலை இவனுக்குத்தான். மெத்தைக்குக் கனம் கிடையாது. உடையாது. எந்த முட்டாளும் ஏற்றிக்கொண்டு போகலாம். ஒன்றே ஒன்றுதான், நனையக் கூடாது.

ஆறாவது வருஷம் ஒரு பகல் வேளையில், பெண்கள் விடுதி ஒன்றுக்கு இருபத்திரண்டு மெத்தைகள் போகவேண்டியிருந்தது. வானம் இருண்டுகொண்டு வந்தது. மெத்தைக்காரர் வாசலில் நின்று மேலே பார்த்தார்.

"தார்ப்பாய் இருக்கில்ல?"

"இருக்குங்க" என்றான். பொய் இல்லை. பரணில் இருந்தது.

பாதி வழியில் மழை பிடித்தது. எங்காவது ஒரு கூரைக்கு அடியில் ஒதுங்கியிருக்கலாம். ஒதுங்கவில்லை. வேகமாகப் போனால் மழையிலிருந்து தப்பித்துவிடலாம் என்று கணக்குப் போட்டு, பதினாறு விளக்கையும் எரியவிட்டு, ஹார்ன் அடித்துக்கொண்டே முழு மழையையும் வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தான். விடுதி வாசலில் நின்றபோது வண்டியின் பின்பக்கம் தரையைத் தொடுகிற அளவுக்கு அமுங்கியிருந்ததாம். அத்தனை தண்ணீரைப் பஞ்சு குடித்திருந்தது. விடுதிப் பொறுப்பாளர் அம்மா குடையோடு வெளியே வந்து ஒரு மெத்தையைத் தொட்டுப்பார்த்துவிட்டு, "இதுல பொண்ணுங்க படுக்கணுமா, குளிக்கணுமா?" என்று கேட்டிருக்கிறார்.

மெத்தைக்காரரே வந்தார். கத்தவில்லை. உள்ளங்கையால் ஒரு மெத்தையை அமுக்கினார். விரல் இடுக்கில் தண்ணீர் கொப்பளித்து வந்தது. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, "இனிமே வராதே" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கே பரணில் ஏறியிருப்பான். ஜிகினா மறுநாள் காலை பட்டறைக்கு வந்து சொன்ன வார்த்தை இது:

"இந்த வண்டியே சரியில்ல சகல. மாத்திடலாம்னு இருக்கேன்."

கையில் பிடித்திருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தேன். "வண்டி என்ன பண்ணுச்சு? மழையை அதுவா கூப்பிட்டுது?"

"பழசாயிடுச்சு."

"இங்க பாரு. வண்டியை எப்ப மாத்தணும் தெரியுமா? தெருவுல நிக்கறதைவிட என் பட்டறையில அதிக நாள் நிக்குதுன்னா மாத்து. சேஸி துருப்பிடிச்சு ஒட்டுப்போட இடமில்லன்னா மாத்து. வேலைக்கு இந்த வண்டி பத்தல, இதைவிடப் பெரிய சுமை தினமும் வருதுன்னா மாத்து. உனக்கு இதுல எது?"

யோசித்தான். யோசிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள அவனுக்குத் தெரியும். பிறகு உண்மை வெளியே வந்தது. "எதிர்த்த வீட்டு டைல்ஸ் கடைக்காரர் நாலு கதவு வண்டி எடுத்திருக்காரு. அதுக்கு முன்னால நிக்கும்போது என் வண்டி அது போட்ட குட்டி மாதிரி இருக்கு."

டைல்ஸ் கடைக்காரர் குடும்பத்தோடு ஊர் சுற்ற வாங்கிய வண்டி அது. ஐந்து பேர் சொகுசாக உட்காரலாம். பின்னால் இருக்கிற தொட்டியில் ஒரு ஒற்றைக் கட்டில்கூட முழுசாகப் படுக்காது.

அன்று சாயங்காலம் என் கொழுந்தியாள் பட்டறைக்கு வந்தாள். அவள் அங்கே வருவது அதுதான் முதல் தடவை. ஆயில் படாத ஒரு இடம் தேடி நின்றுகொண்டாள்.

"மாமா, உண்மையைச் சொல்லுங்க. அந்த வண்டி இன்னும் எத்தனை வருஷம் ஓடும்?"

"கிளட்ச் பிளேட்டும் நாலு டயரும் போட்டா கண்ணை மூடிக்கிட்டு அஞ்சு வருஷம். ஏம்மா?"

"நானே எடுத்துக்கறேன்னு அவர்கிட்ட சொன்னேன். சிரிச்சாரு. 'மெஷின் மிதிக்கிற கால் கிளட்ச் மிதிக்குமா'ன்னாரு. புரோக்கர்கிட்ட விட்டுட்டாராம்."

"எந்த புரோக்கர்?"

அவள் சொன்னாள். எனக்குத் தெரிந்தவன்தான்.

ஜிகினா ஷோரூமிலிருந்து புது நாலு கதவு வண்டியை ஓட்டிக்கொண்டு தெருவுக்குள் நுழைந்த அன்று, பக்கத்து சீட்டில் யாருமில்லாமல் தனியாகத்தான் வந்தான். ஏழெட்டு நாள் போயிருக்கும். காலையில் பல் விளக்கிக்கொண்டு வெளியே வந்தவன், தன் புது வண்டிக்கு முன்னால் ஒரு வெள்ளை பிக்கப் நிற்பதைப் பார்த்திருக்கிறான். விளக்கு இல்லை, சட்டம் இல்லை, குதிரை இல்லை. விளக்கையும் சட்டத்தையும் என் கையால் கழற்றி, குதிரையின்மேல் வெள்ளை பூசி, விடியற்காலையில் அங்கே கொண்டுவந்து விட்டது நான்தான். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் கழற்றியதில்லை.

"எவன்டா என் வாசல்ல வண்டியை நிறுத்தினது?" என்று நுரை தெறிக்கக் கத்தியிருக்கிறான்.

உள்ளேயிருந்து, மெஷினை நிறுத்தாமலே, "நான்தாங்க நிறுத்தச் சொன்னேன்" என்று பதில் வந்ததாம். ஒரு நிமிஷம் கழித்துத்தான் அது தன் பழைய வண்டி, புரோக்கரிடமிருந்து அவள் தையல் காசில் வாங்கியது என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. ஐந்து வருஷமாக அதை அவன் ஓட்டியிருந்தானே தவிரப் பார்த்ததில்லை.

அவள் டிரைவிங் பள்ளிக்குப் போய் ஐந்து வாரத்தில் கற்றுக்கொண்டாள். முதல் மாதம் தான் தைத்த வெயில்மறைப்புகளைத் தானே கடைகளுக்குக் கொண்டுபோனாள். பிறகு ஒருநாள் பரணிலிருந்து தார்ப்பாயை இறக்கி, வண்டியின்மேல் இழுத்துக் கட்டிக்கொண்டு, மெத்தைக்காரர் வாசலில் போய் நின்றாள். அவர் வண்டியைச் சுற்றி வந்தார். கயிற்றை இழுத்துப்பார்த்தார். ஒரு வளையத்தை விரலால் தடவினார்.

"யார் தச்சது?"

"நான்தாங்க."

"ஏத்துங்க" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

ஜிகினாவின் நாலு கதவு வண்டியை யாரும் வாடகைக்குக் கூப்பிடவில்லை. வீடு மாறுகிறவர்கள் வந்து தொட்டியைப் பார்ப்பார்கள், பிறகு அவனைப் பார்ப்பார்கள், போய்விடுவார்கள். அவன் ஏசியைப் போட்டுக்கொண்டு தெருமுனையில் உட்கார்ந்திருப்பான். வேலை இல்லை என்று ஒத்துக்கொள்ள மனசு வராது. "சின்ன ஆர்டரெல்லாம் நான் எடுக்கறதில்ல" என்பான். ஒருநாள் என்னிடமே சொன்னான். மனைவி அதே நேரம் சுமையோடு அவனைக் கடந்து போனாள். ஹார்ன் அடிக்கவில்லை, கையை மட்டும் லேசாகத் தூக்கினாள். அவனும் தூக்கினான். அந்த ஒரு கணம் அவன் முகம் விழுந்துபோனதைப் பார்த்தேன். கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. உடனே, "அவ கியரை லேட்டா மாத்தறா" என்றான். பாவம் போய்விட்டது.

ஒன்றரை வருஷம் தாக்குப்பிடித்தான். கடைசியில் வண்டியைத் திருப்பி விற்க அதே ஷோரூமுக்குப் போனான். அங்கே காத்திருந்த நேரத்தில், வண்டி பார்க்க வந்த ஒரு காய்கறி வியாபாரியிடம் தானாகப் போய்ப் பேச்சுக் கொடுத்திருக்கிறான். கதவைத் திறந்து காட்டியிருக்கிறான், சீட்டில் உட்காரவைத்திருக்கிறான், முன்னால் எட்டு விளக்கு போட்டால் எப்படி இருக்கும் என்று கையால் வரைந்து காட்டியிருக்கிறான். காய்கறி வியாபாரி அன்றைக்கே முன்பணம் கட்டிவிட்டார். மேனேஜர் பார்த்துக்கொண்டே இருந்தார். மறுவாரம் ஜிகினாவுக்குக் கழுத்தில் டை, நெஞ்சில் பெயர்ப்பட்டை.

இப்போது அந்த ஷோரூமிலேயே அதிகம் விற்பவன் அவன்தானாம். கொழுந்தியாளே சொன்னாள். சொல்லும்போது அவள் முகத்தில் எந்தச் சிரிப்பும் இல்லை, வருத்தமும் இல்லை. அடுத்த வருஷம் இரண்டாவது வண்டி எடுப்பதைப் பற்றி என்னிடம் கேட்க வந்திருந்தாள். ஷோரூம் பக்கம் போகப்போவதில்லை, பழையதாகவே பாருங்கள் மாமா என்றாள்.

போன வாரம் ஒரு கோழித்தீவன வியாபாரி புத்தம்புது நாலு கதவு வண்டியோடு என் பட்டறைக்கு வந்தார். தொட்டியில் மூன்று மூட்டைக்குமேல் அடுக்க முடியவில்லை, ஏதாவது செய்து நீட்ட முடியுமா என்றார். முடியாது என்றேன். யார் இதை உங்கள் தலையில் கட்டியது என்று நான் கேட்கவில்லை. ரயில் வருகிறதோ என்கிற அந்த ஹார்ன் சத்தத்திலேயே தெரிந்துபோயிற்று.