ஒத்திகைக் கல்யாணம்

என் மகளுக்கு இப்போது ஒன்பது வயது. ஒரு நாளைக்கு இருபது முப்பது வார்த்தை பேசுவாள். அதில் பாதி நாங்கள் சொன்னதையே திருப்பிச் சொல்வது. முட்டி சிராய்த்து ரத்தம் வந்தாலும் அழமாட்டாள். பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடினால் கதறுவாள். அவளுக்கு ஆட்டிசம் என்று டாக்டர் சொன்ன அன்று நானும் என் கணவரும் பஸ் ஏறிக் கோச்சடையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து, சோறு வடித்து, அவளுக்கு ஊட்டி, பாத்திரம் கழுவி முடித்த பிறகுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நான் சொல்ல வந்தது விசேஷ வீடுகளைப் பற்றி.

இரண்டு வருஷத்துக்கு முன் என் கணவரின் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. மண்டபத்தில் வைத்திருந்தார்கள். ஊசி காதில் படுகிற நேரத்தில் கெட்டிமேளம் கொட்டினார்கள். இரண்டு தவில், அதற்கு மைக் வேறு. என் மகள் கையை உதறிவிட்டு ஓடி, சீர்த்தட்டு வரிசையின் மேல் விழுந்தாள். ஆப்பிளும் சாத்துக்குடியும் நாற்காலிகளுக்கு அடியில் உருண்டன. அவள் புறங்கையைக் கடித்துக்கொண்டு தரையில் சுருண்டுவிட்டாள். நான் அவள் மேல் கவிழ்ந்து காதுகளைப் பொத்திக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே யாரோ ஒரு பெண் கேட்டார்.

"இந்தப் பிள்ளைய எதுக்கு நாலு பேரு கூடுற எடத்துக்குக் கூட்டிட்டு வாரீக?"

குரலில் கோபம்கூட இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு எல்லா விசேஷங்களுக்கும் என் கணவர் மட்டும் போனார். கப்பலூரில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் அவர் சூப்பர்வைசர். ஷிப்ட் முடிந்து அப்படியே போய்விட்டு, மொய் எழுதி, யாராவது என்னைப் பற்றிக் கேட்பதற்கு முன் கிளம்பி வந்துவிடுவார். நான் ஒரு கான்வென்ட் பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க். பத்திரிகை வந்தால் அன்று பள்ளியில் வேலை இருக்கிறது என்று சொல்லப் பழகியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணத்துக்குக்கூட அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

இந்த வருஷம் என் கணவரின் அக்கா மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அவர் தாய்மாமன். மேடையில் நிற்க வேண்டியவர். மதினி, அதாவது அவருடைய அக்கா, போனில் சொல்லிவிட்டார். பத்திரிகை கொடுக்கக் கல்யாணப் பெண்ணே வந்தாள். என் மகள் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டு பத்திரிகையின் தங்க ஜிகினாவைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். கல்யாணப் பெண்ணும் தரையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அத்தை, மூணு பேரும் வரணும். மாமா மட்டும் வந்து நின்னாருன்னா, நான் மேடைய விட்டு எறங்கி கோச்சடைக்கு வந்துருவேன்."

"பாப்பாவுக்கு மேளச் சத்தம் ஆகாதுடி. ஒனக்குத் தெரியும்ல."

"தெரியும். இன்னும் ரெண்டு மாசம் இருக்குல்ல?"

இரண்டு மாதத்தில் என்ன ஆகிவிடும் என்று நினைத்துக்கொண்டே அவளுக்குக் காபி போட எழுந்தேன்.

சனிக்கிழமைகளில் நாங்கள் கே.கே. நகருக்குப் போவோம். ஒரு கிளினிக்கின் மாடியில் எங்களைப் போன்றவர்களின் பிள்ளைகளுக்குப் பயிற்சி நடக்கும். பிள்ளைகள் மேலே இருக்கும்போது பெற்றோர் கீழே பைக் நிறுத்துகிற இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்போம். முதல் ஒரு வருஷம் நான் யாரிடமும் பேசவில்லை. பிறகு அந்த ஒன்றரை மணி நேரத்துக்காகவே வாரம் முழுக்கக் காத்திருக்க ஆரம்பித்தேன். அங்கே எதையும் விளக்க வேண்டியதில்லை. "நேத்துத் தூங்கல" என்றால் போதும், யாராவது ஒருவர் பிளாஸ்கில் இருந்து காபியை ஊற்றி நீட்டுவார்.

அந்த வாரம் கல்யாணப் பத்திரிகை வந்ததைச் சொன்னேன். எதிரில் இருந்த அக்கா ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. டவுன் சிண்ட்ரோம் உள்ள அவருடைய மகனுக்குப் பத்தொன்பது வயது. பயிற்சி முடிகிற வயதைத் தாண்டியும் சின்னப் பிள்ளைகளுக்கு உதவி செய்ய மாடிக்கு வந்துகொண்டிருந்தான். அக்கா சொன்னார்:

"நாமளே ஒரு கல்யாணம் வச்சாத்தான் என்ன? பிள்ளைகளுக்குப் பழக்கமாகும்ல. எங்க சர்ச் ஹால் சனிக்கிழமை சும்மாத்தான் கெடக்கு."

எல்லோரும் சிரித்தோம். பிறகு யாரும் சிரிக்கவில்லை. அங்கே இருந்த ஒவ்வொருவருக்கும் இப்படி ஒரு பத்திரிகையின் கதை இருந்தது.

பயிற்சி கொடுக்கும் மிஸ் மாடியில் இருந்து இறங்கி வந்து கேட்டுவிட்டு, உடனே பையில் இருந்து பேப்பரை எடுத்தார். "ஒரு தடவ பார்த்துட்டா அவங்களுக்குப் பயம் பாதி கொறஞ்சிரும்மா. முன்னாடியே படம் வரஞ்சு காட்டிருவோம்" என்றார். மண்டபம், மேளம், சாப்பாடு, வீடு என்று நான்கு அட்டைகள். வீடு என்ற அட்டைதான் முக்கியம் என்றார். இது எப்போதாவது முடியும் என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டுமாம். எனக்கும் அப்படி ஒரு அட்டை இருந்தால் தேவலை என்று தோன்றியது.

மாப்பிள்ளையும் பெண்ணும் வேண்டுமே? ஆட்டோ ஓட்டுகிற அண்ணன் ஒருவர் தன் மனைவியோடு வருவார். அவர்கள் மகன் சக்கர நாற்காலியில் இருப்பவன்; கை கால் இறுக்கம். காதல் கல்யாணம், ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டதோடு சரி, மேளமும் இல்லை, பந்தியும் இல்லை என்று அந்த அண்ணனே ஒருமுறை சொல்லியிருந்தார். அக்கா அவரைக் கைகாட்டினார்.

"ஏண்ணே, நீங்க ரெண்டு பேரும் உக்காருங்க."

அவர் மனைவி முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டார். "இம்புட்டுப் பெரிய பிள்ளைய வச்சுக்கிட்டு மாலையாக்கா போட்டுக்கிறது!" என்றார். ஆனால் முடியாது என்று சொல்லவில்லை.

மூன்று வாரம் கழித்து அந்தக் கல்யாணம் நடந்தது. வாசலில் பெற்றோர்களே வாழைமரம் கட்டினோம். ஆளுக்கு ஒரு பதார்த்தம் சமைத்து வந்தோம். தவில் வாசிக்க ஆட்டோ அண்ணனின் தெருக்காரர் ஒருவர் வந்தார். கனத்த உடம்பு, நெற்றி நிறைய விபூதி. சர்ச் ஹாலில் வாசிப்பது இதுதான் முதல் தடவை என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, செருப்பை எங்கே விடுவது என்று கேட்டார்.

மெதுவாக ஆரம்பிக்கச் சொல்லியிருந்தோம். அவர் மெதுவாகத்தான் ஆரம்பித்தார். அவருடைய மெதுவே ஹாலை அதிரவைத்தது. நான்கு பிள்ளைகள் ஒரே நேரத்தில் அழுதார்கள். என் மகள் வெளி வராந்தாவுக்கு ஓடிப்போய்த் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டாள். ஒத்திகையும் இவ்வளவுதான் என்று நான் பையை எடுத்து மாட்டினேன்.

தவில்காரர் எழுந்து வந்தார். அவர் முகம் வாடியிருந்தது.

"என்னாலதான பிள்ளைக்கு இம்புட்டுப் பயம்" என்றார். "ஒரு நிமிஷம் இருங்கம்மா. போயிறாதீங்க."

தவிலைத் தூக்கி வந்து வராந்தாவில், அவளிடமிருந்து பத்தடி தள்ளி, தரையில் வைத்து உட்கார்ந்தார். வலது கை விரல்களில் மாட்டியிருந்த கூடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். வெறும் விரலால் ஒரு தட்டு. கதவைத் தட்டுகிற அளவுதான் சத்தம். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். ரொம்ப நேரம் சும்மா இருந்தார்.

"பாப்பா, நீ விரலத் தூக்கு. தூக்குனா அடிப்பேன். எறக்குனா நிறுத்திருவேன். நீ சொல்றதுதான்."

அவள் பார்க்கவில்லை. அவரே தன் ஆள்காட்டி விரலைத் தூக்கிக் காட்டி ஒரு தட்டுத் தட்டினார். இறக்கினார். இரண்டாவது தடவை, மூன்றாவது தடவை. எத்தனையாவது தடவையோ, தூணுக்குப் பின்னால் இருந்து ஒரு விரல் நீண்டது. அவர் தட்டினார். விரல் மறைந்தது. அவர் நிறுத்தினார். விரல் மறுபடியும் வந்தது.

பத்து நிமிஷத்தில் அவள் தவிலுக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தாள். அவர் ஒவ்வொரு கூடாக மாட்டிக்கொண்டு சத்தத்தைக் கூட்டினார். அவள் விரலை இறக்கியதும் "போதுமா?" என்று கேட்பார். "போதும்" என்பாள். அவளுக்கு அதில் அப்படி ஒரு சிரிப்பு. உலகத்தில் ஒரு சத்தத்தை அவள் தொடங்கி அவளே முடித்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

பிறகு எல்லோரும் உள்ளே போனோம். ஆட்டோ அண்ணனும் மனைவியும் மாலை மாற்றும்போது விரலைத் தூக்கியது என் மகள். கெட்டிமேளம் கொட்டியது. சிலர் காதைப் பொத்தினார்கள், சிலர் குதித்தார்கள், யாரும் ஓடவில்லை. சக்கர நாற்காலியில் இருந்த பையன் அம்மாவையும் அப்பாவையும் பார்த்துக் கை கால் எல்லாம் உதற உதறச் சிரித்தான். அந்தப் பெண் அதுவரை வெட்கத்தில் சிரித்துக்கொண்டே இருந்தவர், மாலை கழுத்தில் விழுந்ததும் அழுதுவிட்டார். "இந்தா, என்னத்துக்கு?" என்று அண்ணன் கேட்டார். அவர் குரலும் சரியில்லை.

பந்தியில் தண்ணீர் வைத்தது அக்காவின் மகன். ஒவ்வொரு இலைக்கும் முன்னால் நின்று, பாட்டிலை இரண்டு கையாலும் வைத்து, "நல்லாச் சாப்பிடுங்க, வெக்கப்படாதீங்க" என்றான். சாப்பிட்டு முடித்தவர்களிடமும் சொன்னான். என்னிடம் மூன்று தடவை சொன்னான்.

அந்தத் தைரியத்தில்தான் நிஜக் கல்யாணத்துக்குப் போனோம். திருமங்கலம் ரோட்டில் மண்டபம். பட்டுப்பாவாடையின் ஜரிகை அவளைக் குத்தும் என்று உள்ளே பழைய காட்டன் துணி வைத்துத் தைத்திருந்தேன். சத்தத்தை அடைக்கும் ஹெட்போன் அவள் கழுத்தில் இருந்தது. நான்கு அட்டைகளும் என் கைப்பையில். தாய்மாமன் குடும்பமாக மூன்று பேரும் மேடையில் நின்றோம். எத்தனை பேர் எங்களைப் பார்க்கிறார்கள் என்று நான் எண்ணாமல் இருக்கப் பார்த்தேன்.

நாங்கள் ஒன்றை யோசிக்காமல் விட்டிருந்தோம். கெட்டிமேளத்துக்கு எப்போது விரல் உயரும் என்று கீழே மேளக்காரர்கள் மேடையையே பார்த்துக்கொண்டு இருந்தார்கள். தாலி அப்போது தட்டில் மண்டபத்தின் நடுவே ஆசீர்வாதத்துக்காகச் சுற்றி வந்துகொண்டிருந்தது. என் மகள் தவிலைப் பார்த்தாள். விரலைத் தூக்கினாள்.

கெட்டிமேளம் வெடித்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் அட்சதையைத் தூவிவிட்டார்கள். மாப்பிள்ளை வெறுங்கையைப் பார்த்துத் திகைத்தார். "இன்னும் இல்ல, இன்னும் இல்ல!" என்று ஐயர் இரண்டு கையையும் ஆட்டினார். என் மகள் விரலை இறக்கினாள். மேளம் நின்றது. அந்த அமைதியில் அவள் சத்தமாக, "போதும்" என்றாள்.

"யாரு விரலத் தூக்குனது?" என்று மாப்பிள்ளையின் அப்பா கேட்டார். என் கணவர் ஒரு அடி முன்னால் வந்தார்.

"எம்மகதான். தவிலடிக்கிறவுகளோட வெளையாண்டு பழக்கம். தப்பா எடுத்துக்காதீங்க."

விசேஷ வீடுகளில் அவர் அவ்வளவு தெளிவாக, தலையைக் குனியாமல் பேசி நான் கேட்டதில்லை. முதலில் சிரித்தது கல்யாணப் பெண்தான். தலையில் அட்சதையோடு, மேக்கப் கலையக் கலையச் சிரித்தாள். "மாமா மக உத்தரவு போட்டாச்சு, தாலியச் சீக்கிரம் கொண்டாங்க!" என்றாள். மாப்பிள்ளையும் சிரித்தார். அப்புறம் மண்டபமே சிரித்தது. யார் நல்ல மனதோடு சிரித்தார்கள், யார் வேறு மாதிரிச் சிரித்தார்கள் என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை.

தாலி மேடைக்கு வந்ததும் ஐயர் திரும்பி, "பாப்பா, இப்பத் தூக்கலாம்" என்றார். அவள் கண்டுகொள்ளவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு என் இடுப்பில் சாய்ந்து, மணவறையின் சீரியல் பல்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐயரே விரலைத் தூக்கினார்.

பந்தியில் உட்கார முடியவில்லை. கூட்டம் நெருக்கியதும் அவள் புறங்கையை வாய்க்குக் கொண்டு போனாள். வீடு அட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம். எப்போதும் போல் சொல்லாமல் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். என் கணவர் மேடைக்கு ஏறிப்போய், "வாரோம்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

பைக்கை எடுக்கும்போது மதினி வெளியே வந்தார். பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற நாளின் அத்தனை அவசரத்தோடும் வந்தார். ஏதாவது சொல்லப் போகிறார் என்று மனதைத் தயார் செய்துகொண்டேன். அவர் என் மகளைத் தொடவில்லை. இரண்டடி தள்ளி நின்றார். அவளுக்கு அதுதான் பிடிக்கும் என்று எப்படித் தெரிந்ததோ.

"சாப்பிடாமப் போறாளே. அவளுக்கு என்னதான் பிடிக்கும்? மறுவீட்டுக்கு வாரப்ப செஞ்சு வைப்பேன்ல."

இத்தனை வருஷத்தில் சொந்தத்தில் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. எப்போது சரியாகும் என்று கேட்டிருக்கிறார்கள்.

"தயிர்சோறு, மதினி. ஆறிப்போயிருக்கணும். தாளிக்கக் கூடாது, ஊறுகா பக்கத்துலயே இருக்கக் கூடாது."

"ஆறின சோறு. தாளிக்கக் கூடாது. ஊறுகா கூடாது" என்று ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லிக்கொண்டு அவர் உள்ளே போனார்.